இங்கே டிரங்குப் பெட்டி, அங்கே மரப்பேழை

வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் ஆன் பிராட்ஸ்ட்ரீட் என்ற கவிஞரைப் பற்றி எழுதியிருந்தேன். 1666ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் தேதி இரவு, மாசசூசெட்ஸில் அவருடைய வீடு எரிந்துபோனது. அதைப் பற்றி அவர் பாடிய கவிதையின் சில வரிகளையும் தமிழில் தந்திருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதி பியூரிட்டன்களைப் பற்றிக் கேட்கின்றன, பாதி யாப்பைப் பற்றி. முப்பத்தொரு வருஷம் கல்லூரியில் நான் நடத்திய பாடம் இது. அதனால் இந்த மாதம் முழுக்க இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

பி.ஏ. ஆங்கில இலக்கியம் படிக்கிறேன். ஜென்ம பாவம், முன்குறித்தல், கிருபை, உடன்படிக்கை என்று பியூரிட்டன் நம்பிக்கைகளை மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனால் இவற்றுக்கும் கவிதைக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் புரியவில்லை, அம்மா.
– கல்லூரி மாணவி, விருதுநகர்

தனித்தனிச் சொற்களாகப் படித்தால் புரியாதும்மா. நான்கும் ஒரே கேள்வியைச் சுற்றி நிற்பவை. அந்தக் கேள்விக்கு வருவதற்கு முன் கொஞ்சம் வரலாறு.

எட்டாம் ஹென்றி காலத்தில் இங்கிலாந்துச் சபை போப்பிடமிருந்து பிரிந்தது. ஆனாலும் பிஷப்புகள், அங்கிகள், பழைய சடங்குகள் எல்லாம் பெரும்பாலும் அப்படியே இருந்தன. அவற்றையும் களைந்து சபையைச் சுத்தப்படுத்த வேண்டும் என்று சொன்னவர்களுக்கு எதிராளிகள் வைத்த பட்டப்பெயர்தான் பியூரிட்டன். இந்தச் சபையே வேண்டாம் என்று விலகியவர்கள் 1620இல் மேஃபிளவர் கப்பலில் பிளிமத்துக்கு வந்தார்கள். வந்த 102 பேரில் ஏறக்குறைய பாதிப் பேர் முதல் குளிர்காலத்தைத் தாண்டவில்லை. சபைக்குள் இருந்துகொண்டே திருத்தலாம் என்று நினைத்தவர்கள் 1630இல் தங்கள் தலைவர் ஜான் வின்த்ராப்போடு மாசசூசெட்ஸ் விரிகுடாவுக்கு வந்தார்கள். அந்தக் கூட்டத்தில், ஆர்பெல்லா என்ற கப்பலில், சுமார் பதினெட்டு வயதில் வந்து இறங்கியவர் ஆன் பிராட்ஸ்ட்ரீட்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். ஆதாம் செய்த பாவம் எல்லா மனிதர் மேலும் பிறப்பிலேயே இருக்கிறது. எவ்வளவு நல்லது செய்தாலும் அதைக் கழுவ முடியாது. யாரை மீட்பது என்று உலகம் உண்டாவதற்கு முன்பே தேவன் தேர்ந்தெடுத்துவிட்டார், அதுதான் முன்குறித்தல். அப்படித் தேர்ந்தெடுத்ததும் இலவசமான கிருபைதான், நம் தகுதியைப் பார்த்து அல்ல. சரி, அப்படியானால் நான் அந்தத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் ஒருத்தியா? இதுதான் அந்தக் கேள்வி. போதகராலும் பதில் சொல்ல முடியாது. மனதுக்குள் அடையாளங்களைத் தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். நேற்றைய ஜெபத்தில் வந்த கண்ணீர் உண்மையா? குழந்தைக்கு வந்த காய்ச்சல் தண்டனையா, சோதனையா?

இப்படித் தன்னையே கேட்டுக்கொண்டிருப்பவர்கள் எழுதாமல் இருக்க முடியாது. நாட்குறிப்பு எழுதினார்கள், பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதி வைத்தார்கள். 1630களின் நடுவிலிருந்து மாசசூசெட்ஸில் ஒருவர் சபையின் முழு உறுப்பினராக வேண்டுமென்றால், கிருபை தன் மனதில் எப்படி வேலை செய்தது என்று சொல்லியாக வேண்டும். விவசாயியும் சொன்னார், வீட்டுப் பெண்ணும் சொன்னாள். தன் மனதைச் சொல்லாக்கும் பழக்கம் ஊர் முழுக்க இருந்தது. கவிதை முளைத்த மண் அதுதான்.

பிராட்ஸ்ட்ரீட் தன் பிள்ளைகளுக்கு எழுதிய கடிதத்தைப் பார். புது உலகத்தையும் அதன் புதுப் பழக்கங்களையும் கண்டபோது தன் மனம் எதிர்த்து எழுந்தது என்கிறார். இது தேவனுடைய வழி என்று உறுதியான பிறகு பணிந்து பாஸ்டன் சபையில் சேர்ந்ததாகவும் சொல்கிறார். தேவன் ஒருவர் இருக்கிறாரா என்ற சந்தேகம் தனக்குப் பலமுறை வந்ததையும் அதே கடிதத்தில் மறைக்காமல் எழுதுகிறார். முதலில் மனம் எழுகிறது, பிறகு பணிகிறது. அவருடைய நல்ல கவிதைகள் எல்லாமே இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடக்கின்றன.

உடன்படிக்கையும் இப்படித்தான். தேவனுக்கும் ஒரு மனிதனுக்கும் மட்டுமல்ல, தேவனுக்கும் ஒரு ஊருக்கும் உடன்படிக்கை உண்டு என்று நம்பினார்கள். 'மலையின்மேல் இருக்கிற பட்டணம்' என்ற வேதவாக்கியத்தை வின்த்ராப் எடுத்துச் சொன்னது அந்தப் பொருளில்தான்: நாம் தவறினால் உலகமே பார்க்கும். அதனால் விளைச்சல் பொய்த்தாலும் கப்பல் பத்திரமாக வந்து சேர்ந்தாலும், எதுவும் அவர்களுக்குத் தற்செயல் இல்லை. எல்லாமே தேவன் எழுதிய ஒரு வாக்கியம், அதை வாசித்தாக வேண்டும். வீடு எரிந்ததும் பிராட்ஸ்ட்ரீட் செய்தது அந்த வாசிப்பைத்தான். தேர்வில் இந்த ஒன்றை மட்டும் தெளிவாக எழுதினால் போதும், மற்ற சொற்கள் தாமாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

பியூரிட்டன்களுடையது 'எளிய நடை' என்கிறார்கள். அலங்காரம் கைவராதவர்கள் அதற்கு வைத்துக்கொண்ட மரியாதையான பெயர்தானே அது?
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மன்னார்குடி

இல்லை ஐயா, இதை நான் கொஞ்சம் அழுத்தமாகவே மறுக்க வேண்டியிருக்கிறது. அந்தப் போதகர்களில் பலர் கேம்பிரிட்ஜில் படித்தவர்கள். லத்தீன், கிரேக்கம், எபிரேயம் மூன்றும் தெரியும். தெரிந்ததை மேடையில் காட்டக் கூடாது என்று தீர்மானித்துக்கொண்டார்கள். பிரசங்கத்துக்கு ஒரு முறை இருந்தது: வசனத்தை வாசிப்பது, அதை விளக்குவது, அதிலிருந்து ஒரு உபதேசத்தை எடுப்பது, அதற்கு நியாயங்களைச் சொல்வது, கடைசியில் 'உன் வீட்டில், உன் வயலில் இதை எப்படிக் கைக்கொள்வாய்' என்று கேட்பது. ஏர் பிடிக்கிறவருக்கும் புரிய வேண்டும் என்பதுதான் நோக்கம். புரியாத பிரசங்கம் ஒரு ஆத்துமாவை இழக்கச் செய்துவிடலாம் என்று உண்மையாகவே கவலைப்பட்டார்கள்.

பிளிமத்தின் கவர்னராக இருந்த வில்லியம் பிராட்ஃபோர்டு 1630இல் தன் குடியேற்ற வரலாற்றை எழுதத் தொடங்கினார். எளிய நடையில், எளிய உண்மையை மட்டுமே மதித்து எழுதப்போகிறேன் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். ஆனால் கரை இறங்கிய காட்சியை அவர் எழுதியிருப்பதைப் பாருங்கள். வரவேற்க நண்பர்கள் இல்லை, காற்றிலும் மழையிலும் அடிபட்ட உடம்பை ஆற்றிக்கொள்ளச் சத்திரம் இல்லை, வீடுகள் இல்லை, ஊர் என்று ஒன்று இல்லவே இல்லை. ஒரு உவமைகூடக் கிடையாது. 'இல்லை' என்ற சொல்லை மட்டும் திரும்பத் திரும்ப வைத்து, அந்தக் கரையின் வெறுமையை நம் முன்னே நிறுத்திவிடுகிறார். இதைக் கலை என்று சொல்லாமல் வேறு என்னவென்று சொல்வது?

1640இல் மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் பைபிள் சங்கீதங்களின் பாட்டுப் புத்தகம் ஒன்று அச்சானது. ஆங்கிலேயர் குடியேறிய வட அமெரிக்காவில் அச்சான முதல் புத்தகம் அது. சுமார் 1,700 பிரதிகள் அச்சிட்டார்கள், 11தான் இன்று மிஞ்சியிருக்கின்றன. அவற்றில் ஒன்று 2013இல் 1 கோடியே 40 லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது. அதன் முன்னுரையில், தேவனுடைய பலிபீடத்துக்கு நம்முடைய மெருகு தேவையில்லை என்று எழுதியிருக்கிறார்கள். பைபிளின் யாத்திராகமத்தில் வரும் கட்டளை நினைவுக்கு வருகிறதா? பலிபீடத்தைக் கல்லால் கட்டினால் அதில் உளி படக் கூடாது. எளிய நடைக்கு இதைவிடப் பொருத்தமான படம் எனக்குத் தெரியாது. உளி தெரியாதவனுக்கு இந்தக் கட்டளை தேவையே இல்லை. உளி கையில் இருக்கிறவனிடம்தான் அதைக் கீழே வை என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒன்றை மட்டும் உங்களோடு ஒத்துக்கொள்கிறேன். அந்தப் புத்தகத்தின் பாட்டுகள் பல இடங்களில் கரடுமுரடாகத்தான் இருக்கின்றன. பிராட்ஸ்ட்ரீட்டின் 1650ஆம் ஆண்டுத் தொகுப்பில் உள்ள நீண்ட கவிதைகளும், பழைய பேரரசுகளின் வரலாற்றைச் சொல்பவை உட்பட, என் மனதில் ஒட்டவில்லை. கல்வி தெரிகிறது, ஆள் தெரியவில்லை. பிற்காலத்தில் வீட்டையும் பிள்ளைகளையும் பற்றி அவர் எழுதியபோதுதான் அந்த நடை கனிந்தது.

தமிழ் எம்.ஏ. முடித்துவிட்டுப் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். அசை, சீர், தளை எல்லாம் தெரியும். அயாம்பிக் டெட்ராமீட்டர், கப்லெட் என்று வந்தால் குழம்பிவிடுகிறேன். அந்த வீடு எரிந்த கவிதையை வைத்தே விளக்க முடியுமா?
– வாசகர், சேலம்

விளக்கலாம் தம்பி. ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று நேராகப் பொருத்தாமல் இருந்தால் குழப்பமே வராது.

தமிழில் குறில், நெடில், ஒற்று பார்த்து நேரசை, நிரையசை என்று பிரிக்கிறோம். ஆங்கிலத்தில் அந்தக் கணக்கு கிடையாது. குரல் எங்கே அழுந்துகிறது என்பது மட்டும்தான் கணக்கு. ஒரு மெல்லிய அசை, அடுத்து ஒரு அழுத்தமான அசை சேர்ந்து வந்தால் அது அயாம்ப். கவிதையின் முதல் வரியை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: இன் சை, லன்ட் நைட், வென் ரெஸ்ட், ஐ டுக். சை, நைட், ரெஸ்ட், டுக் என்ற நான்கு இடத்தில் குரல் அழுந்துகிறது. நான்கு அயாம்ப் உள்ள வரி டெட்ராமீட்டர், ஐந்து இருந்தால் பெண்டாமீட்டர். அடுத்த வரி 'லுக்' என்று முடிகிறது. டுக், லுக் என்று இரண்டிரண்டு வரியாக ஒலி ஒன்றி வருவது கப்லெட்.

இங்கேதான் எல்லாரும் தடுக்கி விழுகிறார்கள். ரைம் என்றவுடன் எதுகை என்று எழுதிவிடுகிறார்கள். எதுகை அடியின் தொடக்கத்தில், முதல் சீரின் இரண்டாம் எழுத்தில் வருவது. ஆங்கில ரைம் வரியின் கடைசியில் வருவது. அதற்கு நம்மிடம் இருக்கும் பெயர் இயைபு. மோனைக்கும் அலிட்டரேஷனுக்கும் நெருக்கம் உண்டு, ஆனால் அவர்களுக்கு எந்தச் சீரில் வர வேண்டும் என்ற இலக்கணம் கிடையாது.

அப்புறம் இன்வெர்ஷன். 'துயரம் அருகில் இருப்பதை நான் எதிர்பார்க்கவில்லை' என்பது இரண்டாம் வரியின் பொருள். ஆங்கிலத்தில் இந்தச் சொற்கள் வழக்கமான வரிசையில் இல்லை, துயரம் என்ற சொல்லை முன்னால் தூக்கி வைத்திருக்கிறார். தமிழில் பயனிலை கடைசியில் வருவது இயல்பு, மற்ற சொற்களையும் இடம் மாற்றிக்கொள்ளலாம். அதனால் நம் மாணவர்களின் காதுக்கு அந்தப் புரட்டல் தட்டுப்படுவதே இல்லை. ஆங்கில வரியை உரைநடையாக்கி எழுதிப் பாருங்கள், எந்தச் சொல் இடம் மாறியிருக்கிறது என்று தெரியும்.

இனி கவிதைக்குள் போவோம். மொத்தம் 54 வரி. 'தீ, தீ' என்ற கூக்குரல் கேட்டு எழுகிறார், வெளியே வந்து வீடு எரிவதைப் பார்க்கிறார். பார்க்க முடியாமல் போனதும், 14ஆம் வரியில், கொடுத்து எடுத்தவரின் நாமத்தைத் துதிக்கிறார். பைபிளில் யோபு சொன்ன 'கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்' என்பதன் எதிரொலி அது. இப்படி ஒரு பழைய நூலைச் சுட்டுவதை அல்யூஷன் என்பார்கள். 'அது அவருடையது, என்னுடையதல்ல' என்கிறார். நமக்குப் போதுமானதை விட்டுவைத்திருக்கிறார் என்று 20ஆம் வரியில் சொல்கிறார். நம்பிக்கைப்படி கவிதை அங்கேயே முடிந்திருக்கலாம், சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லியாகிவிட்டது.

ஆனால் முடியவில்லை. இடிபாட்டைக் கடந்துபோகும்போதெல்லாம் கண் அங்கே போகிறது. இங்கே அந்த டிரங்குப் பெட்டி இருந்தது, அங்கே அந்த மரப்பேழை. பிறகு வீட்டையே பார்த்துப் பேசத் தொடங்குகிறார்: உன் கூரையின் கீழ் இனி விருந்தாளி அமர மாட்டார், உன்னுள் மெழுகுவர்த்தி எரியாது, மணவாளனின் குரல் கேட்காது. உயிரில்லாததை முன்னிலையில் அழைத்துப் பேசும் இதுதான் அபாஸ்ட்ரஃபி, நம்முடைய விளி. அதன் முடிவில் 'எல்லாம் மாயை' என்று பைபிளின் பிரசங்கி நூல் வாக்கியம் வருகிறது. உடனே தன் மனதைக் கடிந்துகொள்கிறார். உன் செல்வம் பூமியிலா இருந்தது? மேலே ஒரு வீடு இருக்கிறது, அதைக் கட்டிய சிற்பி தேவன். வீடு என்ற சொல் இங்கே உருவகமாகிவிடுகிறது.

பல வருஷத்துக்கு முன்னால் இந்தக் கவிதையை நடத்தி முடித்த அன்று, ஒரு மாணவி வகுப்பு கலைந்த பிறகும் போகாமல் நின்றாள். "மிஸ், எங்க குடிசை எரிஞ்சப்ப எங்க அம்மாவும் இப்படித்தான் கை காட்டிக் காட்டிச் சொன்னாங்க. இங்கதான் தையல் மெஷின் இருந்துச்சு, இங்கதான் உன் டிசி இருந்துச்சுன்னு." அதற்கு மேல் அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அடுத்த வருஷத்திலிருந்து நான் இந்தக் கவிதையை 'இங்கே, அங்கே' என்ற அந்த வரியிலிருந்துதான் தொடங்கினேன். யாப்பு அப்புறம்தான்.

கடைசியாக ஒன்று, தமிழ் படித்த உங்களுக்கு மட்டும். பிராட்ஸ்ட்ரீட்டின் முதல் தொகுப்பை அவருக்குத் தெரியாமலே அவருடைய தங்கையின் கணவர் லண்டனில் அச்சிட்டுவிட்டார். அதைப் பார்த்து வெட்கப்பட்டு, புத்தகத்தைத் தன் குழந்தையாக வைத்து ஒரு கவிதை எழுதினார். முகத்தைக் கழுவிவிட்டேன், மூட்டுகளை இழுத்து அடிகளைச் சமமாக்கினேன், ஆனாலும் நொண்டுகிறாய் என்கிறார். ஆங்கிலத்தில் 'ஃபீட்' என்றால் பாதமும் உண்டு, யாப்பின் சீரும் உண்டு. நம் 'அடி' என்ற சொல்லிலும் பாதமும் உண்டு, யாப்பும் உண்டு. அவர்களுக்குச் சீர், நமக்கு முழு வரி என்பதுதான் வித்தியாசம். சிலேடை கொஞ்சமும் சிந்தாமல் தமிழுக்கு வந்துவிடுகிறது. வகுப்பில் அந்த இடம் வரும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி தாங்காது.

கறுப்பு உடை, சிரிப்பே இல்லாத முகம். பியூரிட்டன் என்றால் இதுதானே?
– வாசகர், திருச்சி

உடை விஷயத்தில் தவறு. நீலம், பச்சை, பழுப்பு எல்லாம் உடுத்தினார்கள், பீரும் குடித்தார்கள். கடுமை விஷயத்தில் சரி. மாசசூசெட்ஸில் 1659 முதல் 1681 வரை கிறிஸ்துமஸ் கொண்டாடினால் 5 ஷில்லிங் அபராதம், ஏனென்றால் வேதத்தில் அந்தப் பண்டிகைக்குக் கட்டளை இல்லை. மாற்றுக் கருத்துச் சொன்ன ஆன் ஹட்சின்சனை ஊரைவிட்டுத் துரத்தினார்கள். குவேக்கர் என்ற வேறொரு கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த மேரி டயரை 1660இல் பாஸ்டனில் தூக்கிலிட்டார்கள். 1692இல் மாசசூசெட்ஸில் உள்ள சேலம் என்ற ஊரில் சூனியக் குற்றம் சாட்டி 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். நான் அவர்களுடைய கவிதையை நேசிக்கிறேன், அதற்காக இவற்றை ஒருநாளும் வகுப்பில் மறைத்ததில்லை. ஆனால் 1647இலேயே ஐம்பது குடும்பம் உள்ள ஊர் பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தர ஆள் வைக்க வேண்டும் என்று சட்டம் போட்டதும் இதே ஆட்கள்தான்.

உலகத்தின் மேல் ஆசை கூடாது என்றவர்கள், கணவனுக்குக் காதல் கவிதை எழுதியது எப்படி?
– வாசகி, கோவை

நல்ல கேள்வி, எனக்குப் பிடித்த கேள்வி. அன்பு கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை. படைத்தவரைவிடப் படைப்பை அதிகம் நேசிக்கக் கூடாது என்றார்கள். பால் மறந்த பிள்ளையின் அன்பு என்ற பொருளில் அதற்கு ஒரு சொல்லும் வைத்திருந்தார்கள். தாயின் பால் மறந்த குழந்தையைப்போல என் ஆத்துமா இருக்கிறது என்று 131ஆம் சங்கீதம் சொல்லும். பால் மறந்தாலும் குழந்தை தாயின் மடியைவிட்டு இறங்குவதில்லை. அந்தப் பக்குவத்தோடு நேசிக்க வேண்டும் என்பது எண்ணம்.

சைமன் பிராட்ஸ்ட்ரீட்டுக்கு ஆட்சி வேலையாக அடிக்கடி வெளியூர்ப் பயணம். எட்டுப் பிள்ளைகளோடு வீட்டில் இருந்த மனைவி அவருக்கு எழுதிய 12 வரிக் கவிதை இது. பெண்டாமீட்டர், கப்லெட். 'இருவர் ஒருவராக இருந்ததுண்டு என்றால் அது நாம்தான்' என்று தொடங்குகிறது. முதல் மூன்று வரியும் ஒரே சொற்றொடரில் ஆரம்பிக்கும், இதற்கு அனஃபரா என்று பெயர். பொன் சுரங்கங்களைவிட, கிழக்குத் தேசத்துச் செல்வங்களைவிட உன் அன்பு பெரிது என்பது உயர்வு நவிற்சி. ஆறுகளும் என் அன்பை அணைக்க முடியாது என்ற வரிக்குப் பின்னால் 'திரளான தண்ணீர்கள் நேசத்தை அவிக்கமாட்டாது' என்ற பைபிளின் உன்னதப்பாட்டு நிற்கிறது. கடைசியில் முரண்: நாம் வாழாமல் போகும்போது என்றென்றும் வாழும்படி, வாழும்போது அன்பில் நிலைத்திருப்போம்.

அந்தக் கடைசி இரண்டு வரியைப் பக்தி என்று சிலர் சொல்வார்கள், காதல் என்று சிலர் சொல்வார்கள். என் கருத்தில், கணவனை நேசிப்பதற்கு நித்தியத்திடமே அனுமதி வாங்கிவிட்டார்.

எட்வர்ட் டெய்லரின் 'ஹஸ்விஃப்ரி' கவிதையில் கன்சீட் இருக்கிறது என்கிறார்கள். கன்சீட் என்றால் உருவகம்தானே?
– கல்லூரி மாணவர், ஈரோடு

உருவகம்தான், ஆனால் ஒரு வரியோடு நிற்காமல், கவிதை முழுக்க ஒவ்வொரு பாகத்துக்கும் ஒவ்வொரு பொருள் கொடுத்துக்கொண்டே போவது கன்சீட். ஈரோட்டுக்காரருக்கு இதை விளக்க எனக்குப் பிரியம் அதிகம். நான் சின்னாளப்பட்டியில் நெசவாளர் வீட்டில் பிறந்தவள்.

ஹஸ்விஃப்ரி என்றால் வீட்டு வேலை. எழுதியவர் ஒரு பியூரிட்டன் போதகர். கவிதையில் ஆறு வரிப் பத்திகள் மூன்று. முதல் பத்தியில் ராட்டை: கர்த்தாவே, என்னை உன் ராட்டையாக்கு. உன் வசனம் பஞ்சு சுற்றி வைக்கும் கோலாகட்டும், என் ஆத்துமா நூல் ஏறும் கண்டாகட்டும், என் நடத்தை சிட்டம் எடுக்கும் சக்கரமாகட்டும். இரண்டாம் பத்தியில் என்னைத் தறியாக்கு என்கிறார். நெய்த துணியை நீரில் அடித்து இறுக்கி, பரலோக வண்ணங்களில் சாயம் தோய்க்கச் சொல்கிறார். மூன்றாம் பத்தியில் அந்த உடையை என் அறிவுக்கும் சித்தத்துக்கும் மனச்சாட்சிக்கும் உடுத்து என்கிறார். மத்தேயுவில் வரும் கலியாண வஸ்திரம் நினைவுக்கு வரும்.

வினைச்சொற்களைக் கவனியுங்கள். ஆக்கு, சுற்று, நெய், உடுத்து. எல்லாமே தேவன் செய்ய வேண்டியவை. நூற்பதும் அவர், நெய்வதும் அவர். மனிதன் வெறும் கருவி. மீட்பில் மனிதனின் பங்கு ஒன்றுமில்லை, எல்லாம் கிருபை என்ற உபதேசம் இலக்கணத்திலேயே பதிந்திருக்கிறது.

இரண்டாம் பத்தியில் ஒரு வரி: பரிசுத்த ஆவி 'க்வில்' சுற்றட்டும். நான் படித்த காலத்தில் கையில் இருந்த ஒரு வழிகாட்டி நூல், க்வில் என்றால் இறகுப் பேனா என்று குறிப்பு போட்டிருந்தது. பேனாவை எப்படிச் சுற்றுவது? எனக்கு உடனே புரிந்துவிட்டது, அது தார். ஊடை நூலைச் சுற்றி நாடாவுக்குள் வைக்கிறோமே, அந்தத் தார். எங்கள் வீட்டில் தார் சுற்றியது நானும் என் அம்மாவும். அப்பா தறியில் உட்கார்ந்தால், தறி நிற்காமல் தாரை எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். தார் சுற்றுவதற்குத் தனிப் பெயரும் இல்லை, தனிக் கூலியும் இல்லை. டெய்லர் அந்த வேலையைப் பரிசுத்த ஆவிக்குக் கொடுக்கிறார். முதல் தடவை அது புரிந்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

டெய்லர் 1671இல் வெஸ்ட்ஃபீல்டு என்ற எல்லைப்புற ஊருக்குப் போதகராகப் போனார். 1729இல் இறக்கும்வரை அங்கேதான். அவருடைய கவிதைகள் வெளிவராமல் கையெழுத்தாகவே கிடந்து, பேரன் எஸ்ரா ஸ்டைல்ஸ் வழியாக யேல் பல்கலைக்கழக நூலகத்தைச் சேர்ந்தன. 1937இல் தாமஸ் ஜான்சன் கண்டெடுத்த பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. யேல் என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று தெரியுமா? சென்னை ஜார்ஜ் கோட்டையில் 1687 முதல் 1692 வரை கவர்னராக இருந்து, முறைகேட்டுக் குற்றச்சாட்டில் பதவி இழந்த எலிஹு யேல். அந்தக் கல்லூரிக்கு அவர் 417 புத்தகங்களையும், ஜார்ஜ் மன்னரின் படத்தையும், 9 மூட்டைச் சரக்கையும் அனுப்பினார். அந்த மூட்டைகளில் மஸ்லினும் காலிகோவும் இருந்தன. அவற்றை விற்று வந்த பணம் கட்டிடத்துக்குப் போனது, 1718இல் கல்லூரிக்கு அவர் பெயர் வந்தது. துணி விற்ற காசில் எழுந்த கல்லூரியின் நூலகத்தில், நெசவைப் பாடிய கவிதை பல காலம் வெளிச்சம் படாமல் கிடந்திருக்கிறது.

எங்கள் ஊர் கிருஷ்ண பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்துக்கும் பியூரிட்டன்களுக்கும் தொடர்பு உண்டா?
– வாசகர், பாளையங்கோட்டை

நேரடித் தொடர்பே உண்டு. 1678இல் ஆங்கிலப் பியூரிட்டன் ஜான் பன்யன் வெளியிட்ட பயணக் கதைதான் அதற்கு மூலம். பன்யன் ஓட்டைப் பாத்திரம் அடைக்கும் தொழில் செய்தவர். அனுமதியில்லாமல் பிரசங்கம் செய்ததற்காகப் பெட்ஃபோர்டு சிறையில் சுமார் 12 வருஷம் இருந்தார். அவர் எழுதியது பேச்சுக்குப் பக்கத்தில் நிற்கும் உரைநடை. கிருஷ்ண பிள்ளை அதை எடுத்துக் கம்பன் வழியில் விருத்தங்களாகப் பாடி, 1894இல் காவியமாக வெளியிட்டார். உளி படாத கல் இங்கே வந்து சிற்பமாகிவிட்டது. எனக்கு இரண்டுமே வேண்டும்.

எரிந்த வீட்டோடு பிராட்ஸ்ட்ரீட்டின் கையெழுத்துகளும் போயிருக்குமே? இந்தக் கவிதை எப்படித் தப்பியது?
– நூலகர், புதுச்சேரி

போனவை போனதுதான். ரோம் பேரரசைப் பற்றி அவர் தொடர்ந்து எழுதிவந்த பகுதி அந்தத் தீயில் அழிந்தது. என் தாள்கள் தீக்கு இரையாகின என்று அவரே எழுதியிருக்கிறார். அந்த வேலையை அதன்பிறகு அவர் முடிக்கவில்லை. 1672இல் இறந்துவிட்டார்.

வீட்டைப் பற்றிய கவிதை தீக்குப் பிறகு எழுதியது. 1678இல் பாஸ்டனில் வந்த அவருடைய இரண்டாம் பதிப்பில் அது இல்லை. குடும்பத்தார் வைத்திருந்த ஒரு சிறிய கையெழுத்துப் புத்தகத்தில் இருந்தது. 1867இல் ஜான் ஹார்வர்ட் எல்லிஸ் பதிப்பித்த தொகுப்பில் அதைப் பார்க்கலாம். கவிதையின் தலைப்போடு சேர்த்து, பிரதி எடுத்த கை ஒரு குறிப்பை எழுதி வைத்திருக்கிறது: ஒரு உதிரித் தாளிலிருந்து எடுத்து எழுதியது.